கையொப்பமிட மறுத்த வக்கீல்

வக்கீல் என்றதும் நம் ஜனங்களுக்குக் கறுப்புக் கோட்டும், கோர்ட்டுப் படிகளும், சாமர்த்தியமான பேச்சுமே நினைவுக்கு வரும். “பொய்யை மெய்யாக்கத் தெரிந்தவர்” என்று கேலி பேசுவோரும் உண்டு. ஆனால் அந்தத் தொழிலில் ஒரு பெரும் பொறுப்பு அடங்கியிருக்கிறது. பிறருடைய பணத்துக்கும் மானத்துக்கும் காவலாக நின்று, உள்ளதை உள்ளபடி எடுத்துக் காட்டுவதே அது. மோசடி செல்வாக்கோடு உலாவும் இடத்தில் ஒரு வக்கீல் அப்படி நின்றால் அவருக்கு என்ன நேரும்? அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு என்ன கடமை? இவ்விரு கேள்விகளையும் இத்தாலி தேசத்தில் மெய்யாகவே நடந்த ஒரு சரித்திரத்தைக் கொண்டு இவ்வாரம் ஆராய்வோம்.

ஒரே படிப்பு, இரு வழிகள்

மிலான் பட்டணத்தில் இருவர் இருந்தார்கள். இருவரும் சட்டம் படித்தவர்கள்.

ஒருவர் மிக்கேலே சிந்தோனா. 1920-ம் ஆண்டு சிசிலித் தீவில் பிறந்தவர். யுத்தம் முடிந்தபின் மிலானுக்கு வந்து, வரி விஷயங்களில் பணக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லிப் பேர் வாங்கினார். பிறகு கம்பெனிகளை வாங்கினார், பாங்குகளை வாங்கினார். 1972-ல் அமெரிக்காவின் பெரிய பாங்குகளில் ஒன்றான பிராங்க்ளின் நேஷனல் பாங்கும் அவர் கைக்கு வந்தது. பலமுறை இத்தாலியின் பிரதம மந்திரியாயிருந்த ஜூலியோ அந்த்ரெயோத்தி, 1973-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருந்தில், “லிரா நாணயத்தைக் காப்பாற்றியவர்” என்று அவரைப் புகழ்ந்தார். வத்திக்கானின் நிதி ஸ்தாபனமும் அவரை நம்பி அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது. அதனால் நஷ்டமும் பட்டது. இதை நாம் மறைப்பதற்கில்லை. பெரியவர்களும் பக்தியுள்ளவர்களும் ஒருவரை நம்புகிறார்கள் என்பதே அவர் நாணயத்துக்குச் சாட்சியாகிவிடாது.

மற்றவர் ஜார்ஜியோ அம்ப்ரோசோலி. 1933-ல் மிலானிலேயே, ஒரு நடுத்தரக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அங்குள்ள சர்வகலாசாலையில் சட்டம் படித்தார். 1962-ல் விவாகம் செய்துகொண்டார். ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களுமாக மூன்று குழந்தைகள். கோர்ட்டில் முழங்கிப் பேர் வாங்கும் வக்கீல் அல்லர் அவர். நொடித்துப்போன கம்பெனிகளின் கணக்கை எடுத்துவைத்து, யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று தீர்ப்பதே அவர் பழகிய வேலை. பத்திரிகையில் படம் வராத வேலை. அவர் பெயரை மிலானிலேயே பலர் அறியார்.

விழுந்த பாங்கு

1974-ம் ஆண்டில் சிந்தோனாவின் கோட்டை ஆட்டங்கண்டது. இத்தாலியில் அவருக்கிருந்த இரு பாங்குகளை ஒன்றாக்கி உண்டாக்கிய ‘பாங்கா பிரிவாத்தா இத்தாலியானா’ செப்டம்பரில் விழுந்தது. அக்டோபர் 8-ந் தேதி அமெரிக்காவில் பிராங்க்ளின் பாங்கும் கதவை மூடியது. அதுவரையில் அத்தேசம் கண்ட பாங்கு முறிவுகளில் அதுவே மிகப் பெரியது. சிந்தோனாவைக் கைது செய்ய மிலானில் உத்தரவு பிறந்தது. அவரோ நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

விழுந்த பாங்கின் கணக்கைத் தீர்க்க ஒருவர் வேண்டும். இப்படிப்பட்டவரை ‘லிக்விடேட்டர்’ என்பார்கள். அவருடைய வேலை மூன்று வகைப்படும். பாங்கு யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்கெடுப்பது முதலாவது. பாங்கின் சொத்து எங்கெங்கே போயிற்று என்று தேடிப் பிடிப்பது இரண்டாவது. பணம் போட்டவர்களுக்கு முடிந்த மட்டும் அதைத் திருப்பிக் கொடுப்பது மூன்றாவது. இந்த வேலைக்கு இத்தாலியின் மத்திய பாங்கு அம்ப்ரோசோலியை நியமித்தது. உதவிக்குப் பெரிய குழு இல்லை. பொறுப்பு அவர் ஒருவருடையது. அப்போது அவருக்கு 40 வயது.

பேரேடுகளைப் புரட்டப் புரட்ட, மோசடியின் சூட்சுமம் வெளிப்பட்டது. அதை நம் ஊர் நடைமுறையில் சொன்னால் எளிதில் விளங்கும். மகள் கலியாணத்துக்கென்று சேர்த்த பணத்தை ஊர்ச் சங்கத்தில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கத் தலைவர் அந்தப் பணத்தைப் பக்கத்து ஊரிலுள்ள நாணயமான கடையில் போட்டிருப்பதாகப் பேரேட்டில் எழுதுகிறார். கடைக்காரரும், “ஆம், பணம் என்னிடம் இருக்கிறது” என்று சீட்டுக் கொடுக்கிறார். தணிக்கைக்கு வருகிறவர் சீட்டைப் பார்த்துத் திருப்தியோடு போய்விடுகிறார். ஆனால் கடைக்காரர் கையில் இரகசியமாக இன்னொரு சீட்டு இருக்கிறது: “இந்தப் பணத்தை என் மைத்துனன் கம்பெனிக்குக் கொடுத்துவிடு, அவன் திருப்பித் தராவிட்டால் உன்னை நான் கேட்கமாட்டேன்.” அவ்வளவுதான். காகிதத்தில் பணம் பத்திரமாக இருக்கிறது; பெட்டியில் ஒரு காசும் இல்லை.

சிந்தோனா செய்தது இதுவே. பக்கத்து ஊர்க் கடைக்குப் பதிலாக வெளிநாட்டுப் பாங்குகள். மைத்துனனுக்குப் பதிலாக அவருடைய சொந்தக் கம்பெனிகள். ஜனங்கள் போட்ட டிபாசிட் பணமே இப்படிச் சுற்றிப் போய், அவர் புதிய கம்பெனிகளை வாங்க உதவியது. லீக்டென்ஸ்டைன் என்னும் சின்னஞ்சிறு நாட்டில் பதிவான ‘பாஸ்கோ’ என்ற கம்பெனியே அவருடைய இத்தாலியச் சொத்தையும் அமெரிக்கச் சொத்தையும் இணைக்கும் கண்ணி என்று அம்ப்ரோசோலி கண்டுகொண்டார். அதைப் பாங்கின் வசமாக்கவும் வழி தேடினார். அன்று முதல் அவர் வெறும் கணக்குப் பார்ப்பவராக இருக்க முடியவில்லை. ஒரு பெரிய மனிதருக்கு வேண்டாதவராகிவிட்டார்.

மனைவிக்கு எழுதிய கடிதம்

1975 பிப்ரவரி 25-ந் தேதி. பாங்கு கொடுக்க வேண்டிய கடன்களின் பட்டியலை அதிகாரப் பூர்வமாகத் தாக்கல் செய்ய வேண்டிய சமயம். அன்று அம்ப்ரோசோலி தம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் சொன்னதன் சாரம் இது: இந்த வேலைக்கு நான் மிகுந்த விலை கொடுக்க நேரும். அது தெரிந்துதான் இதை ஏற்றுக்கொண்டேன். ஆகையால் முறையிடவில்லை. நாட்டுக்கு ஏதாவது செய்ய எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இது. என்ன நேர்ந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நாம் நம்பிய ஒழுக்கங்களிலே பிள்ளைகளை வளர்த்து, தங்களுக்கும் குடும்பத்துக்கும் நாட்டுக்கும் உள்ள கடமையை அவர்கள் உணரும்படி செய்.

இதை எழுதியபோது வேலை தொடங்கி ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் ஆவேசத்தில் வீரம் காட்டுவது ஒன்று. விலை இன்னதென்று தெரிந்தும், ஒவ்வொரு நாள் காலையிலும் அதே பேரேட்டைத் திறப்பது வேறொன்று. இரண்டாவதே கடினம்.

கேட்டது ஒரு கையொப்பம்

நியூயார்க்கில் இருந்த சிந்தோனா சும்மா இருக்கவில்லை. அவருக்காக அரசியல்வாதிகளும், இரகசியச் சங்கத்தாரும் பரிந்து பேசினார்கள். பாங்கை மீட்பதாக ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி நஷ்டத்தைப் பொதுப் பணம் ஏற்கும். பாங்கு முறிந்தது என்ற நிலையே ரத்தாகும். சிந்தோனா மேலுள்ள குற்றச்சாட்டும் கரைந்துபோகும். அதாவது, திருடியவர் வீட்டுக்குப் போவார். திருட்டுக் கொடுத்தவர்களே வரி கட்டி நஷ்டத்தை ஈடு செய்வார்கள்.

இதற்கு லிக்விடேட்டரின் சம்மதம் வேண்டியிருந்தது. சிந்தோனா நல்ல எண்ணத்தோடுதான் நடந்தார் என்று காட்டும் பத்திரங்களை அம்ப்ரோசோலி ஒப்புக்கொண்டால் போதும். அவரைத் திருடச் சொல்லவில்லை, அடிக்கச் சொல்லவில்லை. காகிதத்தின் அடியில் ஒரு கையொப்பம், அவ்வளவே.

உலகத்தில் பெரும்பாலான ஊழல் இப்படித்தான் நடக்கிறது. எங்கோ ஒரு பெரியவர் திட்டம் போடுகிறார். ஆனால் அது நிறைவேற, கீழே பல சிறியவர்கள் கையொப்பம் இட வேண்டும். குமாஸ்தா சரிபார்த்ததாக எழுத வேண்டும். எஞ்சினீயர் அளந்ததாக எழுத வேண்டும். தணிக்கைக்காரர் பார்த்ததாக எழுத வேண்டும். “என் ஒருவன் கையெழுத்தினால் என்ன ஆகப்போகிறது?” என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். எல்லாம் ஆவது அதனால்தான்.

அம்ப்ரோசோலி கையொப்பமிட மறுத்தார். முதலில் நயமாகக் கேட்டார்கள், பிறகு ஆசை காட்டினார்கள், பிறகு வற்புறுத்தினார்கள். அவர் பதில் மாறவில்லை. அது தம் பணமன்று, பாங்கை நம்பிப் பணம் போட்டவர்களின் பணம் என்பதே அவருடைய கணக்கு.

தனியே விடப்பட்டவர்

1978-ன் முடிவில் தொலைபேசியில் மிரட்டல்கள் வரத் தொடங்கின. பெயர் சொல்லாத ஒரு குரல், முதலில் இணங்கிப் போகும்படி புத்தி சொன்னது. 1979 ஜனவரியில் கொலை மிரட்டலாக மாறியது. அம்ப்ரோசோலி பதறாமல் அப்பேச்சுகளை ஒலிநாடாவில் பதிவு செய்து போலீசாரிடம் கொடுத்தார். ஆனாலும் அவருக்கு அரசாங்கம் ஒரு காவலரையும் கொடுக்கவில்லை.

அந்த மார்ச் மாதம் இன்னொன்று நடந்தது. மீட்புத் திட்டத்தை எதிர்த்து அம்ப்ரோசோலிக்குத் துணையாயிருந்தவர்கள் மத்திய பாங்கின் கவர்னர் பாவுலோ பாஃபியும், பாங்குகளை மேற்பார்வையிடும் பகுதியின் தலைவர் மாரியோ சார்சினெல்லியும். வேறொரு விஷயத்தைக் காரணங்காட்டி இருவர் மேலும் குற்றம் சாட்டப்பட்டது. மார்ச் 24-ந் தேதி சார்சினெல்லி சிறைக்கே அனுப்பப்பட்டார். கவர்னர் முதியவர் என்பதால் சிறை செல்லாமல் தப்பினார். ஆனால் அவ்வாண்டே பதவியை விட்டு விலகினார். 1981-ல் இருவரும் முற்றிலும் குற்றமற்றவர்கள் என்று தீர்ந்தது. ஆனால் வேண்டிய வேளையில் அந்தத் துணை முறிக்கப்பட்டுவிட்டது.

கடைசிவரை பக்கத்தில் நின்றவர் ஒருவர் உண்டு. அவர் சில்வியோ நொவெம்ப்ரே. நிதிக் காவற்படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி. கணக்கு ஆராய்ச்சிக்கு உதவ வந்தவர், ஆபத்தைக் கண்டபின் தாமாகவே அம்ப்ரோசோலிக்குக் காவலாகவும் இருந்தார். பெரிய பதவிக்காரர்கள் ஒதுங்கியபோது, ஒரு சாதாரண உத்தியோகஸ்தர் ஒதுங்கவில்லை. இவரையும் நாம் மறக்கலாகாது.

1979 ஜூலை 9, 10, 11 தேதிகளில், பிராங்க்ளின் பாங்கு வழக்குக்காக அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் முன் அம்ப்ரோசோலி மிலானில் சாட்சியம் அளித்தார். நாலைந்து ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த உண்மை முழுவதையும் எடுத்துரைத்தார். மறுநாள் அந்த வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டும்.

11-ந் தேதி இரவு நண்பர்களோடு உணவருந்திவிட்டு, அவர்களை அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு, நடுநிசி வேளையில் தம் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். அமெரிக்காவிலிருந்து கூலிக்கு வரவழைக்கப்பட்ட வில்லியம் அரிக்கோ என்பவன் அங்கே காத்திருந்தான். அம்ப்ரோசோலிதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, மன்னிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுச் சுட்டான். பொய்ப் பத்திரத்தில் இடச் சொன்ன கையொப்பத்தை மறுத்தவர், மெய்ச் சாட்சியத்தில் இட வேண்டிய கையொப்பத்தை இடும் முன்னே மாண்டார்.

அடக்கச் சடங்குக்கு மத்திய பாங்கைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். தேசத்தின் மந்திரிகள் எவரும் வரவில்லை.

பிறகு நடந்தவை

கொலை நடந்து மூன்று வாரத்துக்குள், தம்மை யாரோ கடத்திக்கொண்டு போனதாக நாடகமாடி, சிந்தோனா நியூயார்க்கிலிருந்து மறைந்தார். அக்டோபரில் திரும்பி வந்தார், நாடகம் பலிக்கவில்லை. 1980-ல் பிராங்க்ளின் பாங்கு மோசடிக்காக அமெரிக்கக் கோர்ட்டு அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதித்தது. 1984-ல் இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். 1986 மார்ச் 18-ந் தேதி, அம்ப்ரோசோலியைக் கொல்ல ஏவிய குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார். நான்கு நாட்களுக்குள், சிறையில் விஷங்கலந்த காப்பியைக் குடித்ததால் இறந்தார். கொலைகாரன் அரிக்கோ அதற்கு முன்பே, 1984-ல், நியூயார்க்கில் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது விழுந்து செத்துப்போனான்.

அம்ப்ரோசோலிக்கு அவர் இறந்து 20 ஆண்டுகளுக்குப்பின், 1999-ல், இத்தாலி தேசம் குடிமக்களின் வீரத்துக்கான தங்கப் பதக்கம் அளித்தது. தகப்பனார் இறந்தபோது ஏழு வயதுச் சிறுவனாயிருந்த கடைசி மகன் உம்பெர்த்தோவும் சட்டம் படித்து வக்கீலானார். பிள்ளைகளைப் பற்றித் தாய்க்கு எழுதிய கடிதம் வீண்போகவில்லை.

ஆனால் கேட்க வருத்தமான ஒரு வார்த்தையும் உண்டு. 2010-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், அம்ப்ரோசோலி ஏன் கொல்லப்பட்டார் என்று முதிய அந்த்ரெயோத்தியைக் கேட்டார்கள். அவராகவே தேடிக்கொண்டார் என்ற பொருள்பட அவர் பதில் சொன்னார். தேசமெங்கும் கண்டனம் எழுந்தது. தெரிந்தே அவர் ஏற்றுக்கொண்ட ஆபத்தைத்தான் குறிப்பிட்டேன் என்று அவர் பின்னர் விளக்கம் கூறினார்.

அந்த வார்த்தை நமக்குப் புதிதா? “வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான்” என்று நாமே எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறோம்! ஆபீசில் நடந்த மோசடியை வெளியே சொன்னவர் வேலை இழந்து வரும்போது, “உனக்கேன் இந்த வம்பு?” என்று கேட்கிறோம். குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, அதைச் சொன்னவரைக் குறை கூறுகிறோம்.

இந்தத் தனிமைதான் ஆபத்து. அம்ப்ரோசோலி உண்மையைக் கண்டுபிடித்தார் என்பதற்காக மட்டும் கொல்லப்படவில்லை. அவரை அகற்றிவிட்டால் அவ்வுண்மையும் அவரோடு போய்விடும் என்று எண்ணியதாலும் கொல்லப்பட்டார். அவருக்குப் பின்னால் நூறு பேர் நின்றிருந்தால் ஒருவரைக் கொல்வதில் லாபம் என்ன?

இதை இப்போது தேசங்களும் உணர்ந்து வருகின்றன. வேலை செய்யும் இடத்தில் நடக்கும் ஊழலைச் சொல்பவர்களைக் காக்க இத்தாலி 2017-ல் ஒரு சட்டம் செய்தது. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன்னைச் சேர்ந்த நாடுகள் யாவும் அப்படிச் சட்டம் செய்ய வேண்டுமென்று கட்டளையிட்டது. நம் இந்தியப் பாராளுமன்றமும் 2014-ல் அத்தகைய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சொன்னவரின் பெயரை இரகசியமாய்க் காப்பதும், சொன்னதற்காக அவரைப் பழிவாங்காமல் தடுப்பதுமே இச்சட்டங்களின் கருத்து. ஆனால் காகிதத்தில் உள்ள சட்டம், பக்கத்தில் நிற்கும் மனிதருக்கு ஈடாகாது.

நமக்குப் பாடம்

முதலாவது: கையொப்பம் என்பது சாட்சியம். படியாத பத்திரத்திலும், நடக்காததை நடந்ததாகக் கூறும் பத்திரத்திலும் கையொப்பமிடுவது பொய்ச் சாட்சியே. மேலதிகாரி சொன்னார் என்பதால் அது மெய்யாகிவிடாது. எட்டாம் கற்பனை கோர்ட்டுக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று. ஆபீசு மேஜைக்கும் உரியது.

இரண்டாவது: உண்மையைச் சொல்ல ஆவேசம் போதாது, பொறுமையான உழைப்பு வேண்டும். அம்ப்ரோசோலி எவரையும் வாயால் தூற்றித் திரியவில்லை. பேரேட்டைப் பார்த்தார், ஆதாரம் சேர்த்தார், மிரட்டலையும் பதிவு செய்தார், உரிய அதிகாரி முன் சொன்னார். நாம் ஒரு தவறைக் கண்டால், கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தேதியோடு எழுதி வைக்க வேண்டும். நம்பத்தக்க வக்கீலிடம் யோசனை கேட்க வேண்டும். ஆதாரமின்றித் தெருவில் பேசுவது பிறர் பெயரைக் கெடுக்கும் பாவம். ஆதாரத்தோடு உரிய இடத்தில் சொல்வது கடமை.

மூன்றாவது, முக்கியமானது: உண்மை சொல்பவரைத் தனியே விடக் கூடாது. நாம் எல்லோரும் அம்ப்ரோசோலி ஆக முடியாது. ஆனால் நொவெம்ப்ரே ஆகலாம். லஞ்சம் வாங்க மறுத்ததால் தூரத்து ஊருக்கு மாற்றப்பட்டவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசலாம். சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகிறவரோடு கூடப் போகலாம். மேல் வரும்படி இல்லாத சம்பளத்தில் குடும்பம் நடத்தும் புருஷனை, அடுத்த வீட்டைக் காட்டிக் குத்திப் பேசாமல் இருக்கலாம். மிலானில் அந்த மேஜைக்குப் பின்னால் ஒரு மனைவி இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். அவரும் அந்த விலையைக் கொடுத்தார்.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டில் ஒருவர் கள்ளக் கணக்கில் கையெழுத்திட மறுத்து வேலை இழந்து வந்தால், முதலில் நாம் என்ன வார்த்தை சொல்வோம்?

2. படித்துப் பாராமல் நாம் கையெழுத்திடும் பத்திரங்கள் எவை? பிள்ளைகளுக்கு இதில் நாம் என்ன பழக்கம் காட்டுகிறோம்?

3. நாம் பொறுப்பு வகிக்கும் சங்கத்தின் கணக்கை அங்கத்தினர் யாவரும் பார்க்கக் கூடுமா? கேள்வி கேட்பவரை நாம் எப்படி நடத்துகிறோம்?

4. உண்மை சொன்னதற்காக ஒதுக்கப்பட்டவர் யாரையாவது நாம் அறிவோமா? இந்த வாரமே அவரை எப்போது போய்ப் பார்க்கலாம்?